வரலைன்னு சொல்ல வந்த தம்பி

பெண்பிள்ளை ஒருத்தி அம்பத்தூர் ஓ.டி. பஸ் ஸ்டாண்டில் அரை மணி நேரத்துக்கு மேல் தனியாக நின்றால், மறுநாள் பொழுது விடிவதற்குள் அந்தச் சேதி அவள் வீட்டு வாசலுக்கு வந்துவிடும். 1980களின் பிற்பாதியைச் சொல்கிறேன். இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஷிஃப்ட் முடிந்தவர்கள் டிபன் பாக்ஸும் கையுமாக வந்து இறங்குவார்கள். அதில் யாராவது ஒருவர் அப்பாவுக்குத் தெரிந்தவராக இருப்பார். “சாயங்காலம் உங்க பொண்ணைப் பார்த்தேன் சார், ரொம்ப நேரமா நின்னுட்டிருந்துச்சு” என்று மட்டும் சொல்வார். அதற்குமேல் அவர் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை. அதன்பிறகு கொஞ்ச நாளைக்கு வீடு, வேலை, வீடு என்றுதான் போகும்.

அதனால் எங்கள் மூன்று பேருக்குள், சொன்ன நேரத்துக்கு வருவது வெறும் நல்ல பழக்கமாக இருக்கவில்லை. வருவேன் என்று சொன்னவள் வராவிட்டால் கெடுவது நிற்கிறவளின் பேர். இதை நாங்கள் ஒருநாளும் உட்கார்ந்து பேசியதில்லை. பேசாமலே மூன்று பேருக்கும் தெரிந்திருந்தது.

ஓ.டி.யில் ஒரு மாடிக் கட்டடத்தில் இருந்த டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் பழக்கமானவர்கள் நாங்கள். ஒருத்திக்கு ஆவடி. அவள் அப்பாவுக்கு டேங்க் ஃபேக்டரியில் வேலை, குவார்ட்டர்ஸில் வீடு. இன்னொருத்தி அம்பத்தூரில் அத்தை வீட்டில் தங்கி ஹையர் பாஸ் பண்ணிவிட்டு, சொந்த ஊரான பூந்தமல்லிக்கே திரும்பிப் போனாள். நான் அம்பத்தூர். பேர் சொல்லிக் கூப்பிட்டதைவிட ஆவடிக்காரி, பூந்தமல்லிக்காரி என்று சொன்னதுதான் அதிகம். இன்றைக்கும் என் போனில் அந்தப் பேரில்தான் இருக்கிறார்கள். தபால்காரர் கணக்குப்படி நாங்கள் அக்கம்பக்கம்: அம்பத்தூர் 600053, ஆவடி 600054, பூந்தமல்லி 600056. பல்லவன் பஸ் கணக்குப்படி அப்படி இல்லை. பூந்தமல்லியிலிருந்து ஆவடி வழியாக ஓ.டி.க்கு வர 62ஐ விட்டால் வேறு எளிய வழி கிடையாது. அந்த 62 எப்போது வரும் என்று டிரைவருக்கே தெரியாது என்பார்கள்.

எங்கள் பக்கத்து வாழ்க்கைக்கு ஒரு பெரிய கடிகாரம் இருந்தது. டி.ஐ. சைக்கிள் 1949இல் வந்தது. ஆவடியில் டேங்க் ஃபேக்டரி 1961இல். எஸ்டேட் 1964இல். பாடியில் டி.வி.எஸ். குழுமத்தின் கம்பெனிகள், எம்.டி.எச். ரோட்டில் டன்லப். ஃபர்ஸ்ட் ஷிஃப்ட், செகண்ட் ஷிஃப்ட், நைட், ஜெனரல் என்று நான்கு வேளையாக ஊர் பிரிந்து கிடந்தது. யார் வீட்டில் யார் எப்போது தூங்குவார்கள், எப்போது பேசலாம், எப்போது வெளியே கிளம்பப் பர்மிஷன் கேட்கலாம் என்பதெல்லாம் சங்கைக் கேட்டால் தெரியும். ஆவடிக்காரியின் அப்பா நைட் ஷிஃப்ட் முடித்து வந்து தூங்கும் காலைதான் அவள் அம்மாவிடம் எதையாவது கேட்டு வாங்கத் தோதான நேரம். எங்கள் திட்டங்கள் அந்தக் கடிகாரத்தைப் பார்த்தே போடப்பட்டன. இன்றைக்கு டன்லப் ஆலை இல்லை. பஸ் நின்றால் கண்டக்டர் ‘டன்லப், டன்லப்’ என்றுதான் இறக்கிவிடுகிறார்.

எங்கே போவோம்? சினிமாவுக்கு வீட்டில் துணையில்லாமல் விடமாட்டார்கள். பீச் என்று வாயைத் திறக்க முடியாது. கோயில் என்றால் மறுக்க முடியாது. அதிலும் மறுக்கவே முடியாத ஒன்று எங்கள் பக்கத்தில் உண்டு. வெள்ளிக்கிழமையும் பௌர்ணமியும் சேர்ந்து வரும் நாளில் மூன்று அம்மன்களை ஒரே நாளில் பார்ப்பது. காலையில் மீஞ்சூர் பக்கத்து மேலூரில் திருவுடையம்மன், உச்சிவேளையில் திருவொற்றியூரில் வடிவுடையம்மன், சாயங்காலம் திருமுல்லைவாயிலில் கொடியிடையம்மன். கல்யாணம் ஆகாத பெண் இதைச் செய்கிறேன் என்று சொன்னால் எந்த அம்மா தடுப்பாள்? எங்கள் மூன்று பேருக்கும் பக்தி இருந்தது, இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் விடியற்காலையில் அம்பத்தூர் ஸ்டேஷனில் ரயில் ஏறி, பேசின் பிரிட்ஜில் மாறி, மீஞ்சூரில் இறங்கி, மறுபடி திருவொற்றியூர், மறுபடி ரயில் என்று ஒரு முழு நாள் எங்கள் கையில் இருந்ததே, அதுதான் வரம். திருவள்ளூர் வரைக்கும் மின்சார ரயில் வந்தது 1979இல். அதற்கு முன்னால் இதே ஆசை இருந்த பெண்கள் எப்படிப் போனார்களோ.

அந்த நாளைத் தள்ளிப்போட முடியாது என்பதுதான் அதில் முக்கியம். வெள்ளியும் பௌர்ணமியும் நமக்காகக் காத்திருக்காது. பஞ்சாங்கத்தில் பார்த்து, ஒரு மாதம் முன்பே ஒரு வாய்வார்த்தையாகப் பேசிவைப்போம். பூந்தமல்லிக்காரிக்கு 15 காசு கார்டு. ‘வெள்ளிக்கிழமை காலை 5 மணி, அம்பத்தூர் ஸ்டேஷன், டிக்கெட் கவுன்ட்டர்’ என்று எழுதினால் போதும். அவள் முதல் நாள் ராத்திரியே அத்தை வீட்டுக்கு வந்துவிடுவாள். பதில் கார்டு வராது. வர வேண்டியதும் இல்லை. அந்தக் காலத்தில் பதில் வராவிட்டால் வருகிறாள் என்று அர்த்தம். இன்றைக்குப் பதில் வராவிட்டால் என்ன அர்த்தம் என்று என் மகளைத்தான் கேட்க வேண்டும்.

முடியவில்லை என்றால் எப்படிச் சொல்வது? அதற்கு மூன்று வழி. முதல் வழி பி.பி. நம்பர். எங்கள் தெருவில் ஒரே ஒரு வீட்டில் போன் இருந்தது. கல்யாணப் பத்திரிகையில்கூட அந்த நம்பரைப் போட்டு, பக்கத்தில் பி.பி. என்று அச்சடித்துக்கொள்வார்கள். அந்த மாமி காம்பவுண்டுச் சுவருக்கு மேலே தலையை நீட்டி, “உன் ஃபிரண்டு நாளைக்கு வரலையாம், வயித்து வலியாம்” என்று தெரு முழுக்கக் கேட்கச் சொல்வார். நல்ல மனசுக்காரர். குரல்தான் பெரிது. அதற்குப் பயந்தே யாரும் அந்த நம்பருக்குப் பண்ணமாட்டார்கள். இரண்டாவது வழி கம்பெனி போன். அது மேனேஜர் மேஜையில் இருக்கும். பேசுகிற ஒவ்வொரு சொல்லையும் அவர் கேட்டுக்கொண்டிருப்பார். மூன்றாவது வழி, ஆள் அனுப்புவது.

ஒரு பௌர்ணமி வெள்ளிக்கு நானும் பூந்தமல்லிக்காரியும் டிக்கெட் எடுத்துவிட்டு நிற்கிறோம். இருட்டு விலகவில்லை. ஆவடிக்காரி ஆவடியிலேயே ஏறி, ஜன்னலோரத்தில் கை காட்டிக்கொண்டு வருவாள், நாங்கள் அதே பெட்டியில் தாவி ஏற வேண்டும் என்று ஏற்பாடு. ரயிலுக்கு இன்னும் நேரம் இருந்தது. அப்போது ஸ்டேஷன் வாசலில் ஒரு பையன் சைக்கிளை நிறுத்திவிட்டு ஓடிவருகிறான். அவள் தம்பி. எட்டாவதோ ஒன்பதாவதோ படித்துக்கொண்டிருந்தான். ஆவடியிலிருந்து அம்பத்தூர் வரை எம்.டி.எச். ரோட்டில், லாரிகளுக்கு நடுவில், டைனமோ லைட் வெளிச்சத்தில் மிதித்து வந்திருக்கிறான். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. கோடு போட்ட நோட்டுத்தாளில் அவள் எழுதிக் கொடுத்திருந்தாள்: ராத்திரி பாட்டி குளியலறையில் விழுந்துவிட்டாள், ஆஸ்பத்திரிக்குப் போகிறோம், நீங்கள் இரண்டு பேரும் போய்விட்டு வாருங்கள், எனக்கும் சேர்த்து அர்ச்சனை பண்ணுங்கள், நட்சத்திரம் தெரியும் இல்லையா. தாளோடு, ஈரத்துணியில் சுற்றி மூன்று முழம் மல்லிகை. முதல் நாளே கட்டிவைத்தது. மூன்று பேருக்கும் கட்டியதில் அவள் தனக்கென்று ஒரு கண்ணியும் எடுக்கவில்லை.

அந்தப் பையனுக்குப் பிளாட்பாரத்தில் டீயும் பன்னும் வாங்கிக் கொடுத்தோம். நாங்கள் ரயில் ஏறும்வரை நின்று பார்த்துவிட்டுத்தான் திரும்பினான். “ஏத்திவிட்டுட்டு வான்னு அக்கா சொல்லுச்சு” என்றான். வர முடியாததைச் சொல்ல ஒரு சைக்கிள், ஒரு தம்பி, அவனுடைய ஒரு காலை, ஒரு கடிதம். கொஞ்சம் யோசித்தால், அவளே வந்திருந்தால் இதைவிட எளிது. அந்தக் காலத்தில் வராமல் இருப்பதற்கு வருவதைவிட அதிகம் பாடுபட வேண்டியிருந்தது. எங்கள் சொல்லைக் காப்பாற்றியதில் எங்கள் நல்ல குணத்துக்கு எவ்வளவு பங்கோ, இந்தச் சிரமத்துக்கும் அவ்வளவு பங்கு உண்டு என்று இப்போது நினைக்கிறேன்.

காரணங்களும் அப்போது எல்லோருக்கும் தெரிந்த காரணங்கள். சாவு, மழை, பந்த், உடம்பு. 1987 டிசம்பர் 24ஆம் தேதி எம்.ஜி.ஆர். இறந்த அன்று ஒரு திட்டம் இருந்தது. யாரும் யாருக்கும் சொல்லி அனுப்பவில்லை. விடிந்ததும் பஸ் இல்லை, கடை இல்லை, தெருவில் அழுகை. ஊரே எங்களுக்காகச் சொல்லிவிட்டது. ‘இன்னிக்கு மனசு சரியில்லை, அதனால் வரலை’ என்று அந்த வயதில் எங்களில் ஒருத்தியும் சொன்னதில்லை. மனசு சரியில்லாமல் இருந்த நாட்கள் நிறைய இருந்தன. அப்போதும் வந்தோம். வந்து, ரயிலில் பேசாமல் உட்கார்ந்திருந்துவிட்டுப் போனோம்.

இதையெல்லாம் பொற்காலம் என்று எழுதினால் பூந்தமல்லிக்காரி என்னை மன்னிக்கமாட்டாள். கல்யாணத்துக்குப் பிறகு பல வருடங்கள் அவளை வெளியே அனுப்பவே இல்லை. கார்டு போட்டால் வேறு யாரோ படித்துவிட்டுத்தான் அவளிடம் கொடுப்பார்கள். ‘கோயிலுக்கு இங்கேயே திருக்கச்சி நம்பி பிறந்த ஊரில் இல்லாத பெருமாளா’ என்று மாமியார் கேட்டுவிட்டால் முடிந்தது. அவளுடைய திட்டங்களை ரத்து செய்தவர்கள் வேறு யாரோ. அவளுக்கென்று சொந்தமாக ஒரு போன் அப்போது இருந்திருந்தால் அந்த வருடங்கள் எப்படி இருந்திருக்கும் என்று நான் யோசிக்காத நாள் இல்லை. போனை நான் பழிக்கப்போவதில்லை.

போன் வந்த கதை எல்லோருக்கும் தெரிந்தது. தெருமுனையில் எஸ்.டி.டி. பூத், அப்புறம் ஒரு ரூபாய் காயின் பாக்ஸ். 1995 ஜூலை 31ஆம் தேதி கல்கத்தாவிலிருந்து ஜோதி பாசு டெல்லிக்குப் பேசியதுதான் நாட்டின் முதல் செல்போன் அழைப்பு. அப்போது வருகிற அழைப்புக்கும் காசு கொடுக்க வேண்டும். எங்களைப் போன்றவர்கள் கைக்கு அது வர, 2003இல் இன்கமிங் இலவசமாக வேண்டியிருந்தது. அதன்பிறகு கொஞ்ச காலம் மிஸ்டு கால்தான் எங்கள் பாஷை. ஒரு ரிங் என்றால் கிளம்பிவிட்டேன். இரண்டு ரிங் என்றால் வந்துவிட்டேன், எங்கே இருக்கிறாய். வரவில்லை என்பதற்கு ரிங் வைத்துக்கொள்ளவே இல்லை. அதை யோசித்து விட்டோமா, தோன்றாமல் போனதா என்று நினைவில்லை. அந்தச் சில வருடங்களில்தான் நாங்கள் மறுபடியும் நிறையப் பார்த்துக்கொண்டோம். பூந்தமல்லிக்காரியின் மாமியாரும் தளர்ந்துவிட்டார். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனார்கள். பகலில் சில மணி நேரம் அவளுடையதாக ஆனது.

2009இல் வாட்ஸ்அப் வந்தது. 2016இல் ஜியோ வந்து டேட்டாவைக் கிட்டத்தட்ட சும்மா கொடுத்தது. சொல்லுக்கு விலை இல்லாமல் போனது அப்போதுதான். நார்வேயில் ரிச் லிங், பிர்கிட்டே யுட்ரி என்ற இரண்டு ஆய்வாளர்கள் செல்போன் வந்த புதிதிலேயே இளைஞர்களைக் கவனித்து ஒன்றை எழுதினார்கள். முன்பெல்லாம் இடமும் நேரமும் முதலிலேயே குறித்துவிட்டுப் போவார்கள். இப்போது கிளம்பிய பிறகு வழியில் பேசிப் பேசியே அதை முடிவு செய்கிறார்கள், குறித்த நேரம் இளகிவிடுகிறது என்றார்கள். பனி பெய்யும் ஊரில் கண்டது எங்கள் புழுதி ஊருக்கும் அப்படியே வந்து சேர்ந்தது. நேரம் இளகியதோடு நிற்கவில்லை. வருவேன் என்பதும் சேர்ந்து இளகியது.

நடுவில் 2015 டிசம்பர் வந்தது. அதைச் சொல்லாமல் மேலே போக முடியாது.

அப்போது என் வீடு பட்டரவாக்கம் பக்கம். டிசம்பர் 1ஆம் தேதி பெய்த மழை ஊருக்கே தெரியும். செம்பரம்பாக்கத்தில் விநாடிக்கு 29,000 கன அடி வரை திறந்துவிட, அடையாற்றின் கரை மூழ்கியது. எங்கள் பக்கத்தில் ஆறு இல்லை, ஏரிகள். அம்பத்தூர் ஏரியின் மிச்சம் கொரட்டூர் ஏரிக்குப் போக வேண்டும். போகிற வழியெல்லாம் நாங்கள் வீடு கட்டியிருந்தோம். எஸ்டேட் கம்பெனிகளுக்குள் தண்ணீர், எங்கள் தெருவில் முழங்காலுக்கு மேல் தண்ணீர். கரண்ட் போனது. அடுத்து டவர் போனது. ஃபேஸ்புக்கில் ‘பத்திரமாக இருக்கிறேன்’ என்று ஒரு பட்டனை அழுத்தலாம் என்று வெளியூரில் இருந்தவர்கள் பிறகு சொன்னார்கள். அழுத்த எங்களுக்குச் சிக்னல் இல்லை.

தண்ணீர் கொஞ்சம் இறங்கிய ஒரு பகலில் வாசலில் யாரோ கூப்பிட்டார்கள். ஆவடிக்காரி. புடவையை முழங்காலுக்கு மேல் தூக்கிச் செருகிக்கொண்டு, தலையில் ஒரு பை. பையில் பால் பவுடர், மெழுகுவத்தி, பிரட், என் கணவரின் பி.பி. மாத்திரை. மாத்திரை பேர் எப்படித் தெரியும் என்று கேட்டேன். எப்போதோ ஒருதரம் சொன்னாயே என்றாள். ஆவடியிலிருந்து எதில் வந்தாய் என்றால், கொஞ்சம் இதில், கொஞ்சம் அதில், மீதி நடை என்றாள்.

“போன் போகலைடி. அதான் வந்தேன்.”

அன்றைக்கு டவர் வேலை செய்திருந்தால் அவள் கேட்டிருப்பாள், நான் ‘நல்லா இருக்கோம்’ என்று சொல்லியிருப்பேன். மாத்திரை தீர்ந்து இரண்டு நாள் ஆனதை நிச்சயம் சொல்லியிருக்கமாட்டேன். அவளும் நிம்மதியாக வீட்டிலேயே இருந்திருப்பாள்.

இப்போது கேளுங்கள். அந்த ஆவடிக்காரிதான் இன்றைக்கு எங்கள் மூன்று பேர் குரூப்பில் அதிகம் கேன்சல் செய்கிறவள்.

பருத்திப்பட்டு ஏரியைச் சுத்தப்படுத்தி நடைபாதை போட்டிருக்கிறார்கள். சாயங்காலம் காற்று நன்றாக இருக்கும். அங்கே சந்திப்போம் என்று அவளே போடுவாள். இரண்டு கட்டை விரல், ஒரு பூ. அன்றைக்கு நான் புடவை மாற்றி, வாசல் கேட்டைப் பூட்டும்போது போன் அதிரும். ‘சாரி டி, டயர்டா இருக்கு, நெக்ஸ்ட் வீக் ஷ்யூர்.’ அல்லது பேரனுக்கு ஆன்லைன் கிளாஸ். அல்லது வெறுமனே இரு கை கூப்பிய படம். பூந்தமல்லிக்காரி ‘எனக்கும் கொஞ்சம் வேலை இருக்குப்பா’ என்று அதன் வாலைப் பிடித்துக்கொள்வாள். நான் ஒரு இதயம் போடுவேன். போட்டுவிட்டு, பூட்டைத் திறந்து உள்ளே போவேன். யாரும் யாரையும் வருத்தப்படுத்தவில்லை. எல்லாம் மரியாதையாகவே நடந்தது. நான் ஏமாந்த முகத்தோடு கேட்டருகே நின்றதை ஒருத்தரும் பார்க்கவில்லை என்பதுதான் மிச்சம்.

எது தடை? அப்பாவிடம் பர்மிஷன் கேட்க வேண்டியதில்லை. மாமியார் இல்லை. ஷிஃப்ட் இல்லை. 2021 முதல் மாநகரச் சாதாரணப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணமே கிடையாது. எந்த பஸ் எங்கே வருகிறது என்று போனிலேயே பார்த்துக்கொள்ளலாம். நாங்கள் வருவதற்கு எத்தனை தடை இருந்ததோ அத்தனையும் போய்விட்டது. வராமல் இருப்பதற்கு இருந்த ஒரே ஒரு தடையும் அதோடு சேர்ந்து போய்விட்டது.

என் மகள் ஓ.எம்.ஆரில் வேலை செய்கிறாள். அவளும் அவள் சிநேகிதிகளும் இப்படித்தான். சனிக்கிழமை சாயங்காலத்துக்கு வாக்கெடுப்பு வைப்பார்கள், ஐந்து பேர் சரி என்பார்கள், இரண்டு பேர் போவார்கள். ஒருநாள் அவளிடம் என் வருத்தத்தைச் சொன்னேன். அவள் விட்டுக்கொடுக்கவில்லை.

“அம்மா, உங்க காலத்துல உனக்கு ஜுரமா இருந்தாலும் போய்த்தானே ஆகணும்? பிடிக்கலைன்னாலும் போகணும். சொல்ல வழியில்லாததால போனதைப் போய்ப் பெருமையா சொல்றே. இப்ப நாங்க உண்மையைச் சொல்றோம். முடியலைன்னா முடியலைன்றோம். அதைக் கேட்டுட்டு யாரும் கோவிச்சுக்கறதில்ல.”

அவள் சொன்னதில் நியாயம் இருக்கிறது. இங்கிருந்து சிறுசேரிக்குப் போய்விட்டு ராத்திரி எட்டரைக்கு பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வருகிற பெண்ணிடம் ‘சொன்ன சொல்’ என்று நான் பேச முடியாது. அந்த போன் இருப்பதால்தான் ராத்திரி பத்து மணிக்கு அவள் தனியாக ரயிலில் வருகிறாள், நான் வீட்டில் அவள் புள்ளி ஒவ்வொரு ஸ்டேஷனாக நகர்வதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். என் பேருக்குப் பயந்து என் சிநேகிதிகள் ஓடிவந்த அந்த ஊர் அவளுக்கு வேண்டாம். எனக்கும் வேண்டாம். ஆனால் அவள் சொன்ன ஒரு சொல்லில் எனக்குச் சந்தேகம். உண்மையைச் சொல்கிறோம் என்கிறாள். ‘டயர்டா இருக்கு’ என்பது எத்தனை நாள் உண்மை?

புறநானூற்றில் கோப்பெருஞ்சோழன் வடக்கிருந்து உயிர்விடப் போகும்போது, பாண்டிய நாட்டிலிருந்து பிசிராந்தையார் வருவார், அவருக்கு இடம் ஒதுக்குங்கள் என்கிறான். இருவரும் அதுவரை பார்த்துக்கொண்டதே இல்லை. சுற்றி இருந்தவர்கள் நம்பவில்லை. பிசிராந்தையார் வந்தார். நட்பைப் பற்றிப் பேசுகிற மேடைகளில் எல்லாம் இதைச் சொல்வார்கள். அந்தச் சோழன் சொன்னதாக வரும் இன்னொரு கருத்தை அவ்வளவாகச் சொல்வதில்லை. நான் செழிப்பாக இருந்தபோது வராமல் இருந்திருக்கலாம், இந்தத் துன்ப நேரத்தில் வராமல் இருக்கமாட்டார் என்கிறான். ஆக, நல்ல நாளில் வராததை அவன் கணக்கிலேயே வைக்கவில்லை. இதைப் படித்தபோது ஆவடிக்காரியை நினைத்துக்கொண்டேன். வெள்ளத்தில் வந்தவள், காற்று வாங்க வரமாட்டேன் என்கிறாள். சோழன் கணக்குப்படி அவள் தேறிவிட்டாள்.

எனக்கு அந்தக் கணக்கு போதவில்லை. வெள்ளம் எப்போதோ ஒருமுறை வருகிறது. அதற்கு நடுவில் இருக்கிற சாயங்காலங்கள்தான் வாழ்க்கை. அறுபதை நெருங்குகிறோம். ஆபத்தில் யார் வருவார்கள் என்று எனக்குத் தெரியும், அதில் சந்தேகமே இல்லை. ஆபத்தே இல்லாத ஒரு செவ்வாய்க்கிழமை, சும்மா பேசுவதற்கு, வேர்க்கடலை தின்பதற்கு யார் வருவார்கள்? அதைத்தான் நான் கேட்கிறேன். அப்படிக் கேட்பது பேராசை என்று நான் நினைக்கவில்லை.

அதனால் குரூப்பில் ஒருநாள் எழுதினேன். இனிமேல் வர முடியாது என்றால் இங்கே எழுத வேண்டாம். கூப்பிட்டுச் சொல்லுங்கள். காரணம் எதுவானாலும் சரி, நான் ஏன் என்று கேட்கமாட்டேன். குரலில் சொல்லுங்கள், அவ்வளவுதான். ஆவடிக்காரிக்குக் கோபம் வந்துவிட்டது. “என்னடி ஸ்கூல் மாதிரி லீவ் லெட்டர் கேக்கறே” என்று வாய்ஸ் மெசேஜ் போட்டாள். பூந்தமல்லிக்காரி நீல டிக்கோடு நிறுத்திக்கொண்டாள்.

அடுத்த பௌர்ணமி வெள்ளி. மூன்று கோயிலும் இப்போது முடியாது, மூட்டு ஒத்துழைக்காது. சாயங்காலம் கொடியிடையம்மனை மட்டும் பார்ப்போம், பிராகாரத்தில் உட்காருவோம் என்று ஏற்பாடு. மூன்று மணிக்குப் பூந்தமல்லிக்காரி கூப்பிட்டாள். “வரமுடியலைடி” என்றாள். சரி என்றேன். வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை. எழுத்தில் என்றால் அந்த இடத்தில் ஒரு பூ போட்டு முடித்திருப்போம். குரலில் அப்படி முடிக்க முடியாது, இரண்டு பக்கமும் மூச்சு கேட்கும். பிறகு சொன்னாள். அவள் வீட்டுக்காரருக்கு டயாலிசிஸ். ஆரம்பித்துப் பல மாதம் ஆகிறது. வாரத்தில் மூன்று நாள் கூட்டிப்போய்க் கூட்டிவர வேண்டும். ‘கொஞ்சம் வேலை இருக்குப்பா’ என்று அவள் எழுதிக்கொண்டிருந்த வேலை அதுதான். ஏன் சொல்லவில்லை என்று கேட்டால், எழுதுவதற்கு அதில் என்ன இருக்கிறது, எழுதினால் நீங்கள் அழுகிற பொம்மை போடுவீர்கள் என்றாள்.

நான் ஆவடிக்காரியைக் கூப்பிட்டேன். அவள் கேட்டுவிட்டு, “நாளைக்கு எத்தனை மணிக்கு பஸ்?” என்று மட்டும் கேட்டாள்.

மறுநாள் ஓ.டி.யில் 62இல் ஏறினேன். எந்த பஸ், எந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறேன் என்று போனில் சொன்னேன். ஆவடியில் அவள் ஏறும்போது பக்கத்து சீட்டில் என் பை இருந்தது. கரையான்சாவடி தாண்டி டிரங்க் ரோட்டுக்கு வந்தால், கலங்கரை விளக்கத்திலிருந்து பூந்தமல்லி பைபாஸ் வரை 26 கிலோமீட்டருக்கு வரும் மெட்ரோவின் தூண்கள். ஊர் அடையாளம் தெரியவில்லை. வீட்டை விசாரித்துத்தான் கண்டுபிடித்தோம். கதவைத் திறந்தவள் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். இடுப்பில் செருகியிருந்த முந்தானையை எடுத்துவிட்டாள். உள்ளே அவர் தூங்குகிறார் என்று கையால் காட்டினாள். அப்புறம் கோபம்.

“ரெண்டு பேரும் ஒரு போன் பண்ணிட்டு வரக்கூடாதா? வீடு கெடக்கற கெடையைப் பாரு.”

“பண்ணியிருந்தா வராதேன்னு சொல்லியிருப்பே” என்று சொல்லிக்கொண்டே ஆவடிக்காரி அவளைத் தாண்டிச் சமையலறைக்குப் போனாள். “டீத்தூள் எந்த டப்பாவுல வச்சிருக்கே?”